இருக்கையின் அடியில் ஒரு பெட்டி



ஒரு காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டு வாசல்களில் மட்டுமே நின்ற கார், இன்று நடுத்தரக் குடும்பங்களின் வாசல்களிலும் நிற்கிறது. தவணை கட்டி வாங்கிய வண்டியாயினும் அது குடும்பத்தின் பெருமைக்குரிய பொருள். வண்டி வந்து சில மாதங்கள் சென்றதும் வீட்டுப் பிள்ளை ஒரு கோரிக்கையோடு வந்து நிற்கிறான். "அத்தா, வண்டியில் பேஸ் போதவில்லை. இருக்கைக்கு அடியில் சின்னதாக ஒரு சப்வூஃபர் வைத்துக்கொள்ளலாமே!" என்கிறான். தந்தை, "வீண் செலவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். தாய் இருவருக்கும் நடுவில் நின்று தவிக்கிறார். சில நாட்களில் பிள்ளையே தன் சேமிப்பைக் கொண்டு எங்கோ ஒரு கடையில் அதைப் பொருத்திக்கொண்டு வந்துவிடுகிறான்.

இவ்வாறு நடப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் அந்தப் பெட்டியைப் பற்றி மட்டுமே பேசுகின்றனர். பெட்டிக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது, அந்த வழியில் காவல் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது. ஒயர் விரிப்பின் கீழே மறைந்து கிடக்கிறது. ஆனால் அந்த வண்டியில் பயணம் செய்யும் மனைவி மக்களின் பாதுகாப்பு மறைந்து கிடக்கும் அந்த ஒயரைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே, இந்தப் பொருள் யாது, யாருக்குத் தேவை, எவ்வாறு பொருத்தப்பட வேண்டும் என்பவற்றை இம்மாதம் சற்று விரிவாகவே காண்போம்.

தாழ்ந்த ஒலியின் இயல்பு

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை ஒலியாக உணர்கிறது. வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். இவற்றுள் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உள்ளவையே பேஸ் என்று இளைஞர்கள் சொல்லும் தாழ்ந்த ஒலிகள். பெரிய முரசின் அதிர்வும், தொலைவில் உருளும் இடியின் ஓசையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

உயர்ந்த ஒலியின் அலை குறுகியது. தாழ்ந்த ஒலியின் அலை நீண்டது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் 7 சென்டிமீட்டர் அளவே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ ஏறத்தாழ 7 மீட்டர் நீளம் கொண்டது. இத்தனை நீண்ட அலையை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு ஒலியைப் பெற, ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும் என்பது இயற்பியல் கூறும் கணக்கு. கார்க் கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஒலிபெருக்கியால் இதனைச் செய்ய இயலாது. போதாக்குறைக்கு, ஓடும் வண்டியில் டயரும் சாலையும் இன்ஜினும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி இதே தாழ்ந்த ஒலிதான். அது பாட்டின் தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடுகிறது. நின்ற வண்டியில் நன்றாகக் கேட்ட பாட்டு, நெடுஞ்சாலையில் சாரமற்றுப் போவதன் காரணம் இதுவே.

எனவே, "பேஸ் போதவில்லை" என்று பிள்ளை சொல்வது வெறும் பிடிவாதம் அன்று; அதில் உண்மை இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் முதலில் ஒப்புக்கொள்ளலாம்.

சிறிய பெட்டியின் சூட்சுமம்

ஒலிபெருக்கித் துறையில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று வழங்குகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஜே. ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் அமைந்தது அது. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்ந்த ஒலி, குறைந்த மின்சாரத்தில் நிறைந்த சப்தம் ஆகிய மூன்றில் இரண்டையே ஒருவர் பெறலாம். மூன்றையும் ஒருசேரப் பெற இயலாது என்பதே அவ்விதியின் சாரம்.

முற்காலத்தில் கார்களில் சப்வூஃபர் வைத்தோர் பெரிய பெட்டியைத் தேர்ந்தனர். டிக்கி முழுவதையும் மரப்பெட்டி அடைத்துக்கொண்டது. ஊருக்குக் கொண்டுசெல்லும் மூட்டை முடிச்சுகளுக்கு இடமில்லாது போயிற்று. இன்று இருக்கைக்கு அடியில் வைக்கப்படும் தட்டையான பெட்டி வேறு வழியில் செல்கிறது. அதன் உயரம் பெரும்பாலும் 7 அல்லது 8 சென்டிமீட்டர். உள்ளிருக்கும் ஒலிபெருக்கி 8 அங்குல அளவு. உடல் சிறியதாகிவிட்டமையால் அதற்கு அதிக மின்சக்தி தேவைப்படுகிறது. அதனைத் தரும் ஆம்ப்ளிஃபையரும் அதே பெட்டிக்குள்ளேயே அமைக்கப்பட்டுள்ளது. பயோனியர், கென்வுட், சோனி, ஜேபிஎல் முதலிய நிறுவனங்கள் இவ்வகைப் பெட்டிகளைச் செய்து விற்கின்றன.

இது செய்யக்கூடியதும் செய்யவியலாததும் உண்டு. கதவு ஒலிபெருக்கிகள் கைவிட்ட இடத்திலிருந்து தாழ்ந்த ஒலியை எடுத்துக்கொண்டு, பாட்டுக்கு ஒரு நிறைவைத் தரும். மூடிய காரின் உட்புறம் சிறியதாகையால், அச்சிறிய இடமே தாழ்ந்த ஒலிக்கு வலுவூட்டவும் செய்கிறது. ஆயினும், தெருவே அதிர வேண்டும் என்று ஆசைப்படுவோருக்கு இப்பெட்டி ஏமாற்றமே தரும். அவ்வாறு அதிரச் செய்ய முயன்றால் பெட்டிதான் கெடும்.

நமக்குத் தேவைதானா?

வாங்குவதற்கு முன்னர் ஒரு கேள்வியைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்: நம் வண்டியில் நாம் பெரும்பாலும் கேட்பது என்ன?

ஆண்களின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேலேயே தொடங்குகிறது. பெண்களின் குரல் அதனினும் உயர்ந்தது. சொற்களைத் தெளிவாகப் பிரித்தறிய உதவும் ஒலிகளோ இன்னும் பன்மடங்கு மேலே உள்ளவை. ஆகவே கிராஅத், பயான், செய்தி ஆகியவற்றைக் கேட்கும் இல்லத்தார்க்கு சப்வூஃபரால் பெரும்பயன் ஏதுமில்லை. இசைமுரசு நாகூர் ஹனீபாவின் கம்பீரக் குரலாயினும் நல்ல கதவு ஒலிபெருக்கியிலேயே அது நிறைவாக ஒலிக்கும். அத்தகையோர் அதே பணத்தில் முன்கதவு ஒலிபெருக்கிகள் இரண்டை மாற்றிக்கொள்வதே சாலச் சிறந்தது. வாத்திய இசையும் தாளமும் நிறைந்தவற்றை விரும்பிக் கேட்போருக்கே இப்பெட்டி உண்மையில் உதவும்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

சென்னை ஜி.பி. சாலை போன்று கார் உதிரிப்பொருட்கள் விற்கும் கடைத்தெருக்களுக்குச் சென்றால், ஒவ்வொரு பெட்டியின் மீதும் பெரிய எழுத்தில் ஒரு வாட் எண் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அது கணநேரம் மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவை ஆர்.எம்.எஸ். என்ற பெயரில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பல பெட்டிகளில் பின்னது முன்னதில் பாதிகூட இராது. ஒப்பிடுவதானால் இந்தச் சிறிய எழுத்தை ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு இருக்கையின் அடியில் உள்ள இடத்தை அளந்து பாருங்கள். இருக்கையை முழுவதும் முன்னே தள்ளியும், முழுவதும் பின்னே இழுத்தும், உயரம் மாற்றும் வசதி இருந்தால் முழுவதும் தாழ்த்தியும் அளக்க வேண்டும். சில வண்டிகளில் பின்னிருக்கைக்குக் காற்றுச் செல்லும் குழாய் முன்னிருக்கையின் அடியில்தான் முடிகிறது. அதன் வாயை அடைக்கலாகாது.

மிக முக்கியமான செய்தி ஒன்றுண்டு. இன்றைய கார்களில் இருக்கையின் அடியில் மஞ்சள் நிற இணைப்பிகளையோ மஞ்சள் உறையிட்ட ஒயர்களையோ கண்டால், அவை ஏர்பேக் மற்றும் சீட் பெல்ட் அமைப்புக்குரியவை என்று அறியுங்கள். விபத்தின்போது நொடிப்பொழுதில் உயிர்காக்க வேண்டிய அவற்றை வெட்டவோ, இழுக்கவோ, சோதனை விளக்கால் தொட்டுப் பார்க்கவோ கூடாது. ஹைப்ரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் அழுத்த மின்சாரத்தைச் சுமப்பவை. அவற்றின் அருகிலும் கை செல்லலாகாது.

மின்சாரத்தின் பாதை

இனி, இந்தக் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம்.

கார் பேட்டரியின் அழுத்தம் 12 வோல்ட்தான். தொட்டாலும் ஷாக் அடிப்பதில்லை. அதனால் அதில் ஆபத்தில்லை என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். இது பெரும் தவறு. வீட்டு மின்சாரத்தில் நாம் அஞ்சுவது அதிர்ச்சியை; கார் மின்சாரத்தில் அஞ்ச வேண்டியது நெருப்பை.

எப்படி என்று கேட்கிறீர்களா? 150 வாட் எடுத்துக்கொள்ளும் ஒரு கருவி, 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் முக்கால் ஆம்பியர்கூட இழுப்பதில்லை. அதே கருவி 12 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கிறது. அழுத்தம் குறைந்தால் ஓட்டம் கூடும். ஓட்டம் கூடினால் ஒயர் சூடாகும். அதனால்தான் இப்பெட்டிக்குத் தடித்த ஒயர் வேண்டும். வீட்டில் ஏ.சி.க்கு இழுக்கிறோமே, அந்த 4 சதுர மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாத செம்பு ஒயர் வேண்டும். அது பல மெல்லிய இழைகள் கொண்டதாகவும், சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் வண்டி ஒயராகவும் இருத்தல் நலம். தயாரிப்பாளர் கையேட்டில் இன்னும் தடித்த ஒயர் சொல்லப்பட்டிருந்தால் அதனையே கொள்க.

பேட்டரியிலிருந்து இருக்கை வரை 5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால், ஒயரில் சூடாக வீணாவது ஏறத்தாழ 9 வாட். அது 5 மீட்டர் நீளத்திலும் பரவிக் கிடப்பதால் ஒயருக்கு ஒன்றும் நேராது. இப்போது அந்த ஒயரின் தோல் எங்கோ ஓரிடத்தில் தகட்டில் உராய்ந்து கிழிந்துவிட்டது என்க. காரின் உடலே பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், ஒயர் உடலைத் தொட்ட அக்கணமே நேரடிச் சுற்று ஏற்பட்டுவிடுகிறது. கார் பேட்டரி, இன்ஜினைச் சுழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை அது தயங்காமல் தரும். 300 ஆம்பியர் ஓடுவதாகக் கொண்டால், முன்னதைப்போல் 15 மடங்கு ஓட்டம். ஆனால் வெப்பமோ 15 மடங்கன்று. பதினைந்தின் பெருக்கமாகிய 225 மடங்கு. ஏறத்தாழ 1,900 வாட்! ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி இரண்டை முழுச்சூட்டில் வைத்துத் தரைவிரிப்பின் கீழே செருகியதற்கு அது ஒப்பாகும். கலைப் பிரிவில் பயின்ற எமக்கும் எளிதில் விளங்கிய கணக்கு இது. ஆதலால் எல்லார்க்கும் விளங்கும்.

இந்த நெருப்பைத் தடுப்பது ஒரு சிறு ஃபியூஸ். அதன் விலை அற்பம். அதன் இடமே முக்கியம். பெட்டியின் மீதே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வர். அது பெட்டியைக் காக்கும். பேட்டரிக்கும் பெட்டிக்கும் இடையே கிடக்கும் 5 மீட்டர் ஒயரை அதனால் காக்க முடியாது. ஆகவே பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் மற்றொரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அப்போதுதான் அதற்கு அப்பால் எங்கே ஒயர் கிழிந்தாலும் ஃபியூஸ் உருகி ஓட்டம் நின்றுவிடும். கையேட்டில் சொல்லப்பட்ட ஆம்பியர் அளவே போட வேண்டும். ஒருமுறை ஃபியூஸ் போய்விட்டது என்பதற்காக அதனினும் பெரியதை மாட்டுவதும், காகிதத் தகட்டைச் சுற்றி ஒட்டவைப்பதும் வீட்டுக் காவலனை உறங்கவைத்துக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் போவது குற்றமன்று. ஏதோ பழுது இருக்கிறது என்று அது சொல்லும் சாட்சி.

சிகரெட் லைட்டரின் ஒயரிலிருந்தோ ரேடியோவின் ஒயரிலிருந்தோ மின்சாரத்தை எடுத்துவிடலாம் என்று சில இடங்களில் கூறுவார்கள். வேலை விரைவில் முடியும். ஆனால் அந்த ஒயர்கள் இத்தனை சுமைக்காக இடப்பட்டவை அல்ல. அதற்கு இசையாதீர்கள்.

ஒயர் வாங்குவதிலும் ஓர் ஏமாற்று உண்டு. அலுமினியத்தின் மேல் மெல்லியதாகச் செம்பு பூசிய ஒயர், செம்பு ஒயரைப்போலவே தோற்றமளிக்கும். அதே கனத்தில் அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அது செம்பு அன்று.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். முடித்த பின் அதனையே கடைசியில் மாட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும் என்பதே இதன் காரணம். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும். சன்னல் கண்ணாடிகளை மீண்டும் பழக்க வேண்டிவரும். ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிய பின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் வண்டியின் கையேட்டில் இருக்கும். முன்கூட்டியே அதனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டைக் கடந்துதான் ஒயர் உள்ளே வர வேண்டும். வெறும் தகட்டின் துளை, கத்தியின் விளிம்பை ஒத்தது. வண்டி ஓடும்போதெல்லாம் ஒயர் அதில் உராய்ந்துகொண்டே இருக்கும். எனவே துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் இருக்க வேண்டும். இன்ஜினின் சூடான பாகங்களையும் அசையும் பாகங்களையும் பெடல்களையும் விட்டு விலகி ஒயர் செல்ல வேண்டும். உள்ளே கதவின் அடிப்பட்டை ஓரமாக அதனைக் கொண்டுசெல்லலாம். மக்கள் மிதித்து ஏறும் இடத்தில் விரிப்பின் கீழே குறுக்காகப் போடலாகாது.

எர்த் ஒயர் குறுகியதாக, ஒன்றரை அடிக்குள், நேர் ஒயரின் அதே கனத்தில் இருக்க வேண்டும். அது வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகமாக இறுக்க வேண்டும். பெயின்டின் மேல் இறுக்கிய எர்த், இன்று வேலை செய்து நாளை ஏமாற்றும். வசதியாக இருக்கிறதே என்று சீட் பெல்ட் போல்ட்டில் எர்த்தை மாட்டுவோரும் உளர். ஆபத்தில் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டிய போல்ட் அது. அதனைத் தொடவே கூடாது.

அடுத்து, பெட்டியை விழிக்கவும் உறங்கவும் செய்யும் மெல்லிய ஒயர் ஒன்று உண்டு. கடையில் வாங்கிப் பொருத்தும் ரேடியோக்களில் இது பெரும்பாலும் நீலமும் வெள்ளையும் கலந்த நிறத்தில் இருக்கும். ரேடியோ இயங்கினால் பெட்டி விழிக்கும். ரேடியோ நின்றால் உறங்கும். இதனைத் தவறுதலாக எந்நேரமும் மின்சாரம் உள்ள ஒயரில் சேர்த்துவிட்டால், பெட்டி இரவு பகலாக விழித்தே கிடக்கும். அரை ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது. இரண்டு நாள் நின்ற வண்டி மூன்றாம் நாள் காலையில் கிளம்ப மறுக்கும். பழி பேட்டரியின் மேல் விழும்.

பாட்டின் சமிக்ஞை வரும் வழி இரண்டு. ரேடியோவின் பின்புறம் ஆர்.சி.ஏ. துளைகள் இருந்தால் அவற்றிலிருந்து எடுக்கலாம். வண்டியோடு வந்த ரேடியோவில் பெரும்பாலும் அவை இரா. அப்போது கதவு ஒலிபெருக்கியின் ஒயரிலிருந்தே எடுக்கும் வசதி இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் உண்டு. எவ்வாறாயினும் சமிக்ஞை ஒயரை ஒரு பக்கமாகவும் மின் ஒயரை மறுபக்கமாகவும் கொண்டுசெல்வது நலம். வண்டியின் வேகத்தோடு கூடிக் குறையும் ஊளைச் சத்தம் கேட்டால், பெரும்பாலும் எர்த்திலோ இந்த ஒயர்களின் நெருக்கத்திலோ குறையிருக்கும். புதிய வண்டியாயின், நிறுவனம் போட்ட ஒயரை வெட்டாமல் இடையில் செருகும் இணைப்பி கேளுங்கள். வெட்டிய ஒயரைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்கும் நிலை வரலாம்.

இறுதியாக, பெட்டியை இரும்புப் பட்டையும் திருகும் கொண்டு அசையாமல் பொருத்த வேண்டும். சில கிலோ எடையுள்ள பெட்டி திடீரெனப் பிரேக் அடிக்கையில் சும்மா கிடக்காது. ஓட்டுநர் இருக்கையின் அடியிலிருந்து அது முன்னே வழுக்கி, பிரேக் பெடலின் கீழ் சென்று சிக்கினால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். கூடுமானவரை முன்பக்கப் பயணியின் இருக்கைக்கு அடியிலேயே வையுங்கள். திருகுக்குத் துளையிடுமுன், தரையின் கீழே பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ செல்கிறதா என்று வண்டியின் அடியில் குனிந்து பார்த்தாக வேண்டும்.

குமிழ்களைத் திருப்பும் கலை

பெட்டியில் பெரும்பாலும் மூன்று அமைப்புகள் இருக்கும். முதலாவது, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் ஒலிக்க வேண்டும் என்று வரையறுப்பது. 80 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கிப் பாருங்கள். இதனை மிக உயர்த்தினால் பேசுவோரின் குரலும் இருக்கையின் அடியிலிருந்து வருவதுபோல் தோன்றும். இரண்டாவது, 0 என்றும் 180 என்றும் குறிக்கப்பட்ட சுவிட்ச். கதவு ஒலிபெருக்கியும் இப்பெட்டியும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளினால் தாழ்ந்த ஒலி மங்கிவிடும். இரு நிலைகளிலும் கேட்டு, எதில் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

மூன்றாவது, கெயின் என்னும் குமிழ். இதனைச் சப்தம் கூட்டும் குமிழ் என்று எண்ணி முழுவதும் திருப்பிவிடுவோரே மிகுதி. ரேடியோவிலிருந்து வரும் சமிக்ஞையின் அளவுக்குப் பெட்டியைப் பொருத்துவதற்கே அது இருக்கிறது. ரேடியோவின் ஒலியை முக்கால் பங்கு வைத்து, கெயினைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒலி சிதறத் தொடங்கும் இடத்திற்குச் சற்று முன்னரே நிறுத்திவிடுங்கள். சிதறிய ஒலியிலேயே நெடுநேரம் ஓடும் பெட்டி சூடேறிக் கருகும். பொருத்தம் சரியாக அமைந்துவிட்டால் பெட்டி இருப்பதே தெரியாது. நிறுத்தினால்தான் ஏதோ குறைந்துவிட்டது என்று தோன்றும். அதுவே சரியான அளவு.

செவியும் அண்டை வீடும்

ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அதன் ஆற்றல் இரு மடங்காகிறது. 85 டெசிபெல் இரைச்சலில் 8 மணி நேரம் என்றால், 88 டெசிபெலில் 4 மணி நேரம். 91 டெசிபெலில் 2 மணி நேரம். இதுவே தொழிலாளர்களுக்கென அமெரிக்க ஆய்வமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. தனிமனிதர் கருவிகளில் பாட்டுக் கேட்பதற்கு உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட தரவரையறை, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபெல் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்றும் கூறுகிறது. உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை, "சத்தம் போதும்" என்று சொல்ல அறியாது. அதற்காக நாம்தான் குமிழைத் திருப்ப வேண்டும்.

சப்தம் மிகுந்தால் பின்னால் வரும் 108 ஆம்புலன்ஸின் அபயக்குரலும் நம் காதில் விழாது. யாரோ ஒரு வீட்டின் உயிர் நம் இசையின் பின்னே காத்துக் கிடக்கும்.

நீண்ட அலையாகிய தாழ்ந்த ஒலி, சுவரால் எளிதில் தடுபடுவதில்லை. பாட்டின் இனிமை காருக்குள் தங்கிவிட, அதன் அடி மட்டும் அண்டை வீட்டு நோயாளியின் படுக்கை வரை செல்கிறது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரம்பு வகுத்துள்ளன. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் அவ்விதிகள் வழிசெய்கின்றன. தெருமுனை வந்ததும் குமிழை இறக்குவது சட்டத்துக்கு அஞ்சி அன்று. அண்டை வீட்டாரின் உரிமையை மதித்து.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளையின் விருப்பத்தை ஒரே சொல்லில் மறுத்தால், அவன் மறைவாகவும் மலிவாகவும் செய்துகொள்வான். மலிவு என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வெட்டப்படும். பெட்டியின் விலையைக் குறைக்க முடியாத கடைக்காரர், ஒயரின் கனத்தைக் குறைப்பார், ஃபியூஸை விட்டுவிடுவார். ஆகவே ஒப்புக்கொள்வதானால், நீங்களும் உடன் செல்லுங்கள். விரிப்பை மூடுமுன் இந்த ஐந்தையும் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? தகட்டின் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா? எர்த் சுரண்டிய உலோகத்தில் இறுக்கப்பட்டுள்ளதா? மஞ்சள் இணைப்பிகள் தொடப்படாமல் உள்ளனவா? பெட்டியைக் கையால் இழுத்தால் அசைகிறதா?

நல்ல தொழிலாளி இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளமாட்டார். தம் வேலையை அறிந்து கேட்கும் ஒருவர் கிடைத்தாரே என்று மகிழ்வார். முகம் சுளிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வேலை முடிந்த முதல் நாள், அரை மணி நேரம் ஓட்டிய பின் வண்டியை நிறுத்திவிட்டு, ஃபியூஸ் இருக்கும் இடத்தையும் எர்த் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றே திரும்பிச் சென்று சரிசெய்யுங்கள். ஒரு மாதம் சென்று திருகுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கச் செய்யுங்கள்.

பெட்டியின் ஒலியை நண்பர்கள் கேட்டுப் பாராட்டுவர். ஃபியூஸை எவரும் பாராட்டப்போவதில்லை. ஆயினும் நள்ளிரவில் குடும்பம் முழுவதும் கண்ணயர்ந்திருக்க வண்டி ஊர் நோக்கி ஓடும்போது, விழித்திருந்து காவல் காப்பது அந்தச் சிறு துண்டுதான். அதனைப் போட்டுவிட்டுப் பிறகு பாட்டைப் போடுங்கள்.